குப்பியின் மேல் ஒட்டிய நம்பிக்கை

கடற்றொழிலாளர் வாழும் மாம்புரியில் ஒருவருக்குக் கடும் நோய் கண்டால் கற்பிட்டி வைத்தியசாலைக்கோ, பாலாவி வழியாகப் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு ஓடுவார்கள். அங்கும் முடியாவிட்டால் கொழும்பு. எங்கே போனாலும், நரம்பில் ஏற்றுவது மருந்துதானா என்று எந்தக் கடற்றொழிலாளியும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பொறுப்பைச் சுகாதார அமைச்சிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

2023இல் அந்தப் பொறுப்பு கைவிடப்பட்டது தெரியவந்தது. கைகால் திடீரென்று விழுந்துபோகும் நரம்பு நோயாளருக்கும், எதிர்ப்புச் சக்தியில்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கும் ஏற்றுவது இம்யூனோகுளோபுலின்; நலமாக இருப்பவர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம். அந்தப் பெயர் ஒட்டிய தரமற்ற குப்பிகள் வைத்தியசாலைகளுக்கு வந்து சேர்ந்தன. போலி ஆவணங்கள் காட்டிக் கொள்வனவு நடந்தது என்பது குற்றச்சாட்டு. அமைச்சின் செயலாளராக இருந்தவர் கைதானார். 2024 பெப்ரவரி 2ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவும் கைதானார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் குப்பி எந்த வாசலால் உள்ளே வந்தது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

மருந்தைப் பரிசோதித்துப் பதிந்த பிறகே இறக்கவேண்டும் என்பதற்காக 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் தனி அதிகார சபையையே உருவாக்கியது. விசேட தேவைக்குப் பதிவிலிருந்து விலக்களிக்கவும் அதில் இடமுண்டு. 2022இல் நாடு கடன் கட்டமுடியாமல் நின்றபோது மருந்துத் தட்டுப்பாடு உண்மையாகவே உயிரைக் குடித்தது. ஆனால் அவசரத்துக்கென்று வைத்த பக்கவாசலே அதன்பின் பழகிய பாதையாயிற்று. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட சொட்டுமருந்தால் நோயாளர் சிலர் பார்வை இழந்தார்கள். எச்சரிக்கை அப்போதே வந்துவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை நாடாளுமன்றத்தில் 73க்கு 113 வாக்குகளால் தோற்றது. அந்த 113 பேரும் நோயாளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வறிய நாட்டால் இதைவிட வேறென்ன செய்யமுடியும் என்பார்கள். என்னால் இதை ஏற்கமுடியவில்லை. 1970களிலும் அந்நியச் செலாவணி இல்லாமல்தான் இருந்தோம். அந்த நெருக்கடிக்குள்தான் பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வழியாக, உலகச் சந்தையில் விலைமனுக் கோரி, தரம் பார்த்து, மலிவாக மருந்து வாங்கிக் காட்டினார்.

பதிவு விலக்குக் கடிதம் ஒவ்வொன்றும் கையொப்பமிட்டவர் பெயரோடும் காரணத்தோடும் பகிரங்கமாக வெளிவர வேண்டும். சந்தேகம் எழுந்தால் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பும் உரிமை புத்தளத்தில் மருந்துக் களஞ்சியத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு இருக்கவேண்டும். அப்படி அனுப்பியதற்காக அவரை இடமாற்றவும் கூடாது.