எல்லோருக்குமான சொல்

எனக்காக நான் எடுக்கும் முடிவு எங்கே முடிகிறது? எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் முடிவு எங்கே தொடங்குகிறது? மடங்களும் சட்டமன்றங்களும் கூட்டுக் குடும்பங்களும் காலங்காலமாக மல்லுக்கட்டி வரும் கேள்வி இது. என் தொழிலிலும் இதே கேள்வியைத்தான் நான் நாளும் சந்திக்கிறேன். அதற்கு அங்கே கிடைத்த விடை, அறத்தைப் பற்றி நான் படித்த பலவற்றைவிடத் தெளிவாக இருக்கிறது.

சிறு கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸைக் கட்டித் தருவது என் வேலை. அதற்கு நாங்கள் பயன்படுத்துவது யோக்டோ. 2003இல் தொடங்கிய ஓப்பன்எம்பெடட் முயற்சியை அடித்தளமாகக் கொண்டு, 2010இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திட்டம் அது. அதில் எல்லாம் லேயர் லேயராக, அடுக்கடுக்காக இருக்கும். அடியில் எல்லோருக்கும் பொதுவான லேயர். அதன்மேல் சில்லு நிறுவனம் தரும் போர்டு லேயர், முழு அமைப்புக்குமான கொள்கைகளை வைக்கும் டிஸ்ட்ரோ லேயர், கடைசியாக நம் பொருளுக்கான லேயர். ஒவ்வொன்றிலும் ரெசிபிகள் இருக்கும். ஒரு ரெசிபி என்றால் ஒரு மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. இவற்றையெல்லாம் படித்து வேலையை நடத்துவது பிட்பேக்.

பிட்பேக் முதலில் பொதுக் கான்ஃபிக், அதாவது எல்லோருக்குமான அமைப்புக் கோப்புகள், முழுவதையும் படித்து முடிக்கும். பிறகு ஒவ்வொரு ரெசிபிக்கும் அதன் தனிப் பிரதி ஒன்று கிடைக்கும். ரெசிபி அந்தப் பிரதியில் எதை மாற்றினாலும் அது அந்த ரெசிபியோடு நின்றுவிடும். பக்கத்து ரெசிபிக்குத் தெரியாது. ஒரு ரெசிபி தான் கட்டிய நூலகத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். தன் விருப்பத்தை அவர்கள்மேல் ஏற்ற முடியாது. உழைப்பின் பயனைப் பகிர்ந்துகொள், உன் கருத்துக்குப் பிறரைக் கட்டாயப்படுத்தாதே என்ற நெறியை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் அமைப்பு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் பொதுக் கான்ஃபிக்கில் எழுதும் ஒரு வரி அத்தனை ரெசிபிகளையும் தொடும். அதனால்தான் அங்கே எழுதுவதற்கு வலிமையின் படிகளை வைத்திருக்கிறார்கள். வெறும் சமக்குறி போட்டால் 'இதுதான்' என்று பொருள். முன்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்தால், 'இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் இது'. இரண்டு கேள்விக்குறி போட்டால், 'கடைசிவரை யாரும் சொல்லாவிட்டால் மட்டும் இது'. ஒரு டிஸ்ட்ரோவை எழுதுபவருக்கு இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் அல்ல. அவருடைய கோப்பு, பயனர் தன் கையால் எழுதும் லோக்கல் கான்ஃப் கோப்புக்குப் பிறகு படிக்கப்படுகிறது. அவர் கேள்விக்குறி இல்லாமல் எழுதினால் பயனரின் விருப்பத்தை ஓசையில்லாமல் மிதித்துவிடுவார். கடைசியில் பேசும் வாய்ப்பு பெற்றவருக்கு அடக்கமும் கடமையாகிறது.

அண்மையில் எங்கள் குழுவில் நடந்தது இது. இரண்டு வெவ்வேறு சில்லுகள் கொண்ட போர்டுகளுக்கு ஒரே இடத்தில் கட்டுகிறோம். ஒன்றுக்காகச் சில்லு நிறுவனம் ஒன்றின் லேயரைச் சேர்த்தோம். அதைத் தொடாத இரண்டாவது போர்டின் இமேஜிலும், அதாவது அதில் ஏற்றும் முழு மென்பொருள் தொகுப்பிலும், கேட்காத பிழைதேடும் கருவி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. லேயரை அறிமுகம் செய்ய மட்டுமே இருக்க வேண்டிய லேயர் கான்ஃப் கோப்பில், எல்லா இமேஜுகளிலும் அந்தக் கருவியைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கும்படி அப்பெண்ட் வரி ஒன்றை அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பு லோக்கல் கான்ஃப், டிஸ்ட்ரோ கோப்புகளுக்கெல்லாம் முன்பாகப் படிக்கப்படுகிறது. அப்பெண்டோ மற்ற மதிப்புகளெல்லாம் அமைந்த பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. முதலில் பேசியவரே கடைசியிலும் பேசிவிட்டார். அந்த வரியைத் தங்கள் போர்டின் பெயரோடு கட்டி எழுதியிருந்தால் யாருக்கும் தொல்லை இருந்திருக்காது.

யோக்டோவில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. லேயரைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் மற்ற பணிகளின் கையொப்பங்களை, அதாவது அவற்றின் உள்ளீடுகளிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறிகளை, அது ஒப்பிடும். எதையும் தேர்ந்தெடுக்காமல் லேயரை வெறுமனே சேர்த்ததாலேயே பிறருடைய கையொப்பம் மாறினால், அந்த லேயர் தேறாது. அதாவது, நீ இந்த அவைக்கு வரலாம்; அழைத்தால் உதவலாம்; நீ வந்தாய் என்பதற்காக மட்டும் மற்றவர்கள் மாற வேண்டியதில்லை. புதிதாக ஓர் ஊருக்குள் வரும் எந்த மதத்துக்கும் எந்த இயக்கத்துக்கும் இதைவிட நேர்மையான தேர்வை என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு கட்டளை ரிமூவ். ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று எந்த லேயராவது அதைக் கொண்டு எழுதிவிட்டால், மற்றவர்கள் அதை எத்தனை முறை சேர்த்தாலும் நிற்காது. நீக்குதல் எல்லாச் சேர்த்தலுக்கும் பின்னால் நடப்பதே காரணம். நம் புராணங்களில் பெரும்பாலும் சாபமிட்ட முனிவரே விமோசனத்துக்கும் வழி சொல்லிவிடுவார். விமோசனம் சொல்லாத சாபத்தைப் பொது இடத்தில் இடுவது தவறு என்றே நான் நம்புகிறேன். தடை தேவைப்படலாம். அதைத் திரும்பப் பெறும் வழியையும் அடைத்துவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியென்றால் பொதுக் கட்டளையே வேண்டாமா? வேண்டும். ஓர் இமேஜில் உள்ள நிரல்கள் எல்லாம் ஒரே சி நூலகத்தோடு இணைய வேண்டும். ஜிலிப்சி நூலகமா மசல் நூலகமா என்பதை ஒவ்வொரு ரெசிபியும் தன் போக்கில் முடிவு செய்தால் எதுவும் ஓடாது. எந்த உரிமத்தை ஏற்பதில்லை என்பதும் பொருள் முழுமைக்கும் எடுக்கும் முடிவுதான். ஒத்துப்போகாவிட்டால் கூட்டு வாழ்வே நடக்காது என்னும் இடத்தில் பொதுச் சொல் கட்டாயம். பொய் சொல்லாமையும் கொல்லாமையும் எல்லோருக்குமான அறங்களாக வைக்கப்பட்டதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். என்ன உடுப்பது, எதை உண்பது, எந்தப் பெயரால் இறைவனை அழைப்பது என்பவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

1931இல் போப் பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் ஒன்று இதே நெறியைச் சமூகத்துக்குச் சொன்னது: சிறிய அமைப்பால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி. முற்றதிகார ஆட்சிகள் தலைதூக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு திருச்சபையின் உச்சியில் இருந்தவர் உச்சியின் எல்லையைப் பற்றிப் பேசினார் என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன்.

அடுக்கு என்று சொன்னாலே நம் நாட்டில் ஒருவருக்கு உடல் கூசும்; கூச வேண்டும். அவரவர்க்கு அவரவர் தர்மம் என்ற பேச்சு, பிறப்பால் மனிதரை அடுக்கி, கீழே வைத்தவரின் வாயை அடைக்கப் பயன்பட்டது. ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யோக்டோவில் ஒரு லேயரின் இடம் அது செய்யும் வேலையால் அமைகிறது. அதை மாற்றலாம், கழற்றி வைக்கலாம். ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எந்தக் கோப்பின் எந்த வரி அதை வைத்தது, எந்த வரி மாற்றியது என்று பிட்பேக் முழு வரலாற்றையும் சொல்லிவிடும். பிழைதேடும் கருவியை அனுப்பிய வரியை நாங்கள் அப்படித்தான் பிடித்தோம். சாதிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. 'எப்போதும் இப்படித்தான்' என்பது மட்டுமே அது தரும் விடை.

எனவே எல்லோருக்குமாகப் பேசுகிறேன் என்று வரும் எந்தச் சொல்லையும், அது சாத்திரமானாலும் சட்டமானாலும் பெரியவர் வாக்கானாலும், நான் இப்படித்தான் விசாரிக்கிறேன். இது இல்லாவிட்டால் நாம் சேர்ந்து வாழவே முடியாதா? பின்னால் வருபவர் இதை மாற்ற வழி விட்டிருக்கிறதா? இதைச் சொன்னது யார், எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று எனக்குக் காட்டுவார்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்கும் கட்டளைக்கு நான் மனமுவந்து பணிவேன். கேட்பதையே குற்றமாக்கும் கட்டளை எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், அதற்கு என் பணிவு கிடையாது.