புதுநகரமும் அக்கம்பக்கமும்

சமூக வாழ்வைத் திட்டம் போட்டு உருவாக்க முடியுமா என்பது பழைய தத்துவக் கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எழுந்த புதுநகரங்களில் அது நடைமுறையில் சோதிக்கப்பட்டது. குண்டுவீச்சில் சிதைந்த வீடுகளும் பெருநகரங்களின் நெரிசலும் அரசை அம்முயற்சிக்குத் தள்ளின. 1946-இல் பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசு புதுநகரங்கள் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பரிலேயே லண்டனுக்கு வடக்கே இருந்த ஸ்டீவனேஜ் முதல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டது. இத்திட்டத்துக்கு வழிவகுத்த ரீத் குழு விரும்பியது வெறும் வீட்டு வரிசைகளை அல்ல. பிழைப்புக்கு வெளியூரை நம்பியிராத, எல்லா வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் முழுமையான ஊர்களையே அது எதிர்பார்த்தது.

அந்த எதிர்பார்ப்புக்கு உருவம் தந்தது, அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி 1929-இல் முன்வைத்த அக்கம்பக்க அலகு என்ற கருத்து. நடுவில் தொடக்கப் பள்ளி, நடந்துபோகும் தூரத்தில் கடைகள், ஊரைக் குறுக்கே வெட்டாமல் எல்லையோடு நின்றுவிடும் பெரிய சாலைகள் என்பது அதன் அமைப்பு. 60,000 பேருக்கென வரையப்பட்ட ஸ்டீவனேஜ், ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வசிக்கும் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பள்ளி வாசலிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் சந்திப்பவர்கள் நாளடைவில் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் ஆகிவிடுவார்கள் என்பது இதன் உள்ளிருந்த நம்பிக்கை. இடத்தை ஒழுங்காக வகுத்தால் உறவு தானே வளரும் என்று வரைபடம் போட்டவர்கள் எண்ணினார்கள்.

அரிஸ்டாட்டில் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொண்டிருப்பார். மனிதர்கள் பிழைத்திருப்பதற்காக நகரம் தோன்றுகிறது, நல்வாழ்வுக்காகவே அது நீடிக்கிறது என்பது அவர் கருத்து. ஆகவே நகரத்துக்கு நல்ல அமைப்பு வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் நகரம் முழுவதையும் ஒரே குடும்பம்போல் ஆக்க விரும்பிய பிளேட்டோவை அவர் மறுத்தார். அளவுமீறி ஒன்றாக்கப்பட்ட நகரம் நகரமாகவே இராது, வேறுபட்டவர்கள் சேர்ந்திருப்பதே நகரத்தின் இயல்பு என்றார். நட்பைப் பற்றிப் பேசுகையில் அவர் இன்னொன்றையும் சேர்க்கிறார். கூடி உப்புத் தின்று பல காலம் கழியாமல் எவரும் எவரையும் அறிய முடியாது. காலம் என்ற இந்த ஒன்றை எந்த வரைபடத்திலும் குறிக்க முடியாது.

அக்கம்பக்க உறவு வளர எவ்வளவு காலம் ஆகும், கலைவது எவ்வளவு எளிது என்பதைச் சமூகவியலாளர்கள் மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1957-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் மணமான மகள் தாய் வீட்டுக்கு அருகிலேயே குடியிருந்தாள். பிள்ளை பெற்றாலும் காய்ச்சல் வந்தாலும் கைமாற்று வேண்டியிருந்தாலும் தாய் வழியாகவே காரியம் நடந்தது. அவள் மூலமே தெருவில் உள்ளவர்களும் பழக்கமானார்கள். அங்கிருந்து எசெக்ஸில் இருந்த புதிய குடியிருப்புக்குப் போன குடும்பங்களுக்குக் குளியலறையும் தோட்டமும் கிடைத்தன. உறவினர் வரத்து குறைந்தது, மாலை நேரம் தொலைக்காட்சியோடு கழிந்தது, பக்கத்து வீட்டோடு பேச்சு வணக்கத்தோடு நின்றது. இந்த ஆய்வு பழைய தெருவை மிகையாகப் புகழ்ந்துவிட்டது என்ற விமர்சனமும் உண்டு. புதிய வீட்டை விரும்பித்தான் பலர் போனார்கள். நெருக்கமான தெரு உதவிக்கு வந்ததோடு வேவும் பார்த்தது, வம்பும் பேசியது. ஆனாலும் ஒன்று தெளிவாயிற்று. வீடு மாறியபோது அதோடு கூட வராதது எதுவோ, அதன் மதிப்பு பலருக்கு அதன்பிறகே புரிந்தது.

லிவர்பூலின் நெரிசலைக் குறைக்க 1964-இல் அறிவிக்கப்பட்ட புதுநகரமான ரன்கார்ன், சமூக வாழ்வைத் திட்டமிட முடியுமா என்ற கேள்வியின் இரண்டு பக்கங்களையும் ஒரே ஊரில் காட்டுகிறது. ஆர்தர் லிங் வகுத்த திட்டத்தில், பேருந்துக்கு மட்டுமேயான தனிச்சாலை எட்டு என்ற எண்ணின் வடிவில் ஊரைச் சுற்றிவந்தது. எந்த வீட்டிலிருந்தும் ஐந்து நிமிட நடையில் பேருந்து நிறுத்தம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. ஊரின் வணிக வளாகத்தின் அருகே சவுத்கேட் என்ற குடியிருப்பை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங். பின்னாளில், 1981-இல், கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கரைப் பெற்றவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டு பாத் நகரத்தின் சதுக்கங்களை மனத்தில் வைத்து, கான்கிரீட் பலகைகளால் அடுக்கு வீடுகளையும் தலைக்கு மேலே செல்லும் நடைபாதைகளையும் அவர் அமைத்தார். வட்டச் சன்னல்களைப் பார்த்து ஊரார் அவ்வீடுகளுக்கு வைத்த பெயர் ‘வாஷிங் மெஷின்’. எண்ணெயில் இயங்கிய பொதுச் சூடேற்று முறையின் செலவு, 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் குடியிருப்போரின் கையைக் கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வீடுகள் கட்டி முடிக்கப்பட்டு பதினைந்து ஆண்டுகளுக்குள், 1990 முதல் 1992 வரை, இடித்துத் தள்ளப்பட்டன. அவ்விடத்தில் வழக்கமான செங்கல் வீடுகளோடு ஹால்வுட் பார்க் என்ற குடியிருப்பு எழுந்தது.

தோல்விக்குக் கட்டடமே காரணம் என்று சொல்வது வழக்கமாயிற்று. கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972-இலும் புவியியலாளர் ஆலிஸ் கோல்மன் 1985-இலும் இந்த வாதத்தை வலுவாக முன்வைத்தார்கள். நூறு வாசல்களைத் தாண்டிச் செல்லும் பொது நடைபாதை யாருக்கும் சொந்தமில்லை. வருபவர் குடியிருப்பவரா அந்நியரா என்று தெரிவதில்லை. அதனால் யாரும் அதைக் காப்பதும் இல்லை. இதில் உண்மை உண்டு. ஆனால் 1980-களில் லிவர்பூலைச் சூழ்ந்த மெர்சிசைடு வட்டாரத்தைத் தாக்கிய வேலையின்மைக்கு வட்டச் சன்னல்கள் பொறுப்பல்ல. கூர்ந்து பார்த்தால், கட்டியவரும் இடிக்கச் சொன்னவரும் ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நல்ல கட்டடம் சமூகத்தை உண்டாக்கும் என்றார் ஒருவர், கெட்ட கட்டடம் அதைக் கெடுத்துவிட்டது என்றார் மற்றவர். இருவருமே உறவைச் சுவரின் விளைவாகக் கண்டார்கள்.

இந்த நம்பிக்கையின் பிழையை நார்வே நாட்டுத் தத்துவவாதி யோன் எல்ஸ்டர் 1983-இல் எழுதிய நூலைக் கொண்டு விளக்கலாம். சில நிலைகளை நேராகக் குறிவைத்து அடைய முடியாது, வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது அவை உடன்விளைவாகவே வரும் என்கிறார் அவர். தூங்கியே தீரவேண்டும் என்று முயல்பவருக்குத் தூக்கம் வருவதில்லை. அக்கம்பக்க உறவும் இவ்வகையே. ‘வாருங்கள், சமூகமாவோம்’ என்று கூட்டம் போட்டு எவரும் சமூகமாவதில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது, வாடகை உயர்வைச் சேர்ந்து எதிர்ப்பது, கால்பந்துக் குழுவுக்கு இடம் கேட்பது போன்ற வேலைகளில் இறங்குபவர்கள் பிறகொரு நாள் தாங்கள் சமூகமாகிவிட்டதைக் காண்கிறார்கள்.

கிறிஸ்தவ இறையியல் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்திய இறையியல் பயிற்சி இல்லத்தை 1937-இல் நாஜிக் காவல்துறை மூடியது. அங்கு வாழ்ந்த கூட்டுவாழ்வைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலின் மைய எச்சரிக்கை, சமூகத்தைப் பற்றிய தன் கனவைச் சமூகத்தைவிட அதிகம் நேசிப்பவர் அதை அழிக்கிறார் என்பது. அவருக்குச் சமூகம் கடவுளின் கொடை, அதைப் பெறலாம், தயாரிக்க முடியாது. எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்திலும் இதே நிதானம் உண்டு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெயர்த்துக்கொண்டுவந்து வைக்கப்பட்ட நகரத்தின் நலத்தைத் தேடுங்கள் என்பது அதன் பொருள். அன்னிய ஊரை உடனே சொந்த ஊராக உணர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அங்கே செய்யவேண்டியதைச் செய்யச் சொன்னார்.

புதுநகரத் திருச்சபைகளின் அனுபவமும் இதற்குச் சான்று. ஒவ்வொரு சபைக்கும் தனிக் கட்டடம் எழுப்பப் பணம் போதாத இடங்களில், தேவையே அவற்றைச் சேர்த்துவைத்தது. கட்டடங்களைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் 1969-இல் வந்தது. மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்தின் நடுவில் 1992-இல் திறக்கப்பட்ட ஆலயத்தை ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஐக்கிய சீர்திருத்தச் சபைகள் ஐந்தும் பகிர்ந்துகொள்கின்றன. கோட்பாட்டு விவாதங்களில் நூற்றாண்டுகளாகக் கிட்டாத நெருக்கம், ஒரே கூரையைப் பராமரிக்கும் வேலையில் ஓரளவாவது கிட்டியது.

உறவு உடன்விளைவு என்றால், குடியிருப்புகளை மறுசீரமைப்புச் செய்பவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். அப்படியல்ல, பொறுப்பு கூடவே செய்கிறது. உறவை ஆணையிட்டு ஆக்க முடியாது, ஆனால் ஆணையிட்டு அழிக்க முடியும். ஒரு மாத அவகாசத்தோடு வரும் காலி செய்யும் அறிவிப்பு, இருபது ஆண்டுகளில் சேர்ந்ததைக் கலைத்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வினால்தான் கட்டுபவரைவிட இடிப்பவரின் மீது சுமை அதிகம். புதிதாகக் கட்டுபவர் தவறினால் ஒரு வாய்ப்பு வீணாகும். இடிப்பவர் தவறினால், ஏற்கெனவே இருந்த, பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்று போய்விடும்.

இதிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, இருப்பதைக் கண்டறிவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சீரழிந்த குடியிருப்பாகத் தெரியும் இடத்தில் யார் யாருக்குச் சாவியைக் கொடுத்துவைக்கிறார், எந்தப் பாட்டிக்கு எவர் மருந்து வாங்கித் தருகிறார் என்பது கணக்கெடுப்பில் வராது. இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. ரன்கார்னின் காசில்ஃபீல்ட்ஸ் பகுதியில் 2000-களில் பொது நடைபாதை கொண்ட அடுக்கு வீடுகள் கட்டம் கட்டமாகவே அகற்றப்பட்டன. ஒரே நாளில் ஊரைக் காலி செய்யாத எந்த முறையும், அண்டை வீட்டார் அண்டையிலேயே தொடர இடம் வைக்கிறது. மூன்றாவது, முடிவில் பங்கு தருவது. 1998-இல் தொடங்கிய ‘சமூகங்களுக்கான புதிய ஒப்பந்தம்’ திட்டம் 39 பகுதிகளில் குடியிருப்போரை நிர்வாகக் குழுக்களில் அமர்த்தியது. லண்டனில் 2018 முதல், வீடுகளை இடிக்கும் பெரிய திட்டங்களுக்கு மேயரின் நிதி வேண்டுமானால் குடியிருப்போரின் வாக்கெடுப்பில் வெல்லவேண்டும்.

வாக்கெடுப்பும் முழுத் தீர்வாகாது. வரைவு முடிந்தபின் ‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் சொல்பவர் இன்னும் பிறர் வேலையின் பார்வையாளரே. விவிலியத்தில் நெகேமியாவின் நூலில் எருசலேமின் மதில் மீண்டும் எழுந்த விதம் இங்கே பொருந்துகிறது. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே பழுதுபார்த்தார்கள். பாரசீக மன்னரின் அனுமதியும் அரசாங்கக் காட்டு மரமும் வெளியிலிருந்து வந்தவை, வேலையோ உள்ளிருந்தவர்களுடையது. நிதியும் நிபுணத்துவமும் இல்லாமல் ஈரச் சுவரும் ஒழுகும் கூரையும் சீராகா. அவற்றைச் சீராக்குவது அரசின் கடமை, அதற்குச் சமூகம் மலர வேண்டும் என்ற காரணம்கூடத் தேவையில்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, பொது இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற வேலையில் ஒரு பங்கைக் குடியிருப்போரிடமே விடும் திட்டம்தான், தன்னால் தயாரிக்க முடியாத ஒன்று வளர வழிவிடுகிறது.