தகப்பனாரின் சைக்கிள் சாவியை ஒளித்துவைக்கலாமா?



ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். வேலப்பன்சாவடியில் வசிக்கும் பெரியவர் ஒருவர், வாலிபத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தினந்தோறும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவர். இன்று எழுபதைத் தாண்டியும் காலையில் பால் வாங்கச் சைக்கிளிலேயே புறப்படுகிறார். லாரிகள் இரையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அவரைக் கண்ட மகன் பதறிப்போய், அன்றிரவே சாவியை ஒளித்துவிடுகிறான். "இந்த வயதில் இது உங்களுக்கு எதற்கப்பா? வேண்டியதை நான் வாங்கி வருகிறேன்" என்கிறான். அன்பினால்தான் செய்தான், ஆயினும் அது நியாயமா?

"எதற்கு" என்னும் இக்கேள்வி புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. "பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு?" என்று ஊரார் நகைத்தனர். வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போருமாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்துக் காட்டினர். பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் தாமே போய்வர முடிந்ததே அவர்கள் பெற்ற பெரும் பேறு. அன்று முப்பது வயதில் கற்றவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். அன்று ஊர் கேட்டதை இன்று அவர்கள் பிள்ளைகளே கேட்கலாமா?

முதியோரின் சரீரத்துக்கு உழைப்பு அவசியம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சைக்கிளில் உடற்பாரத்தின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்குச் சுமை குறைவு. தொடைகளோ நன்கு உழைக்கின்றன. மனத்துக்குக் கிடைக்கும் லாபம் அதனினும் பெரிது. பழைய சிநேகிதரைப் பார்க்கவும் மகனின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்கவேண்டியவர், உண்ண உணவிருந்தும் உள்ளுக்குள் வாடுவார்.

ஆனால், பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பிரான்சு தேசத்து ரோபேர் மார்ஷான் என்பவர் 2017-ல், தம் 105-ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். அதைப் படித்து மகிழுங்கள். ஆனால் அவர் ஓட்டியது லாரி வராத உள்ளரங்கப் பாதையில் என்பதை மறவாதீர்கள். நீங்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வேதனையில் மருமகளுக்கும் பங்குண்டு. வீம்பு வேறு, தைரியம் வேறு. நெடுஞ்சாலையை விட்டு உட்தெருக்களில், வெயிலுக்கு முன் ஓட்டுங்கள். கால் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்துங்கள். தலைசுற்றலோ பார்வைக் குறையோ இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

பிள்ளைகளே, பெற்றோரைக் கனம்பண்ணுவதென்பது அவர்களைப் பத்திரமாகப் பூட்டிவைப்பதன்று. பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள்; ஞாயிறு காலையில் நீங்களும் ஒரு சைக்கிளில் கூடவே செல்லுங்கள். அவர் எப்படி ஓட்டுகிறாரென்பதை அப்போது கண்ணாரக் காண்பீர்கள். அவரும் உங்கள் பேச்சுக்குச் செவிகொடுப்பார். இனி முடியாதென்ற நாள் ஒன்று வரத்தான் செய்யும். அன்று சாவியை அவரே உங்கள் கையில் கொடுக்கட்டும். அதுவரை அது அவருடைய சட்டைப்பையில் இருப்பதே நியாயம்.