நீதிபதி ஷ்ரேபரின் மேல்முறையீடு

1893இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் உயர் நீதிமன்றத்தில் ஓர் அமர்வின் தலைவராகப் பொறுப்பேற்ற டேனியல் பால் ஷ்ரேபர், அந்த ஆண்டு முடிவதற்குள் மனநல மருத்துவமனைக்குப் போய்விட்டார். முதலில் தூக்கம் போனது. பிறகு உலகமே போனது. மிஞ்சிய ஒரே நிஜ மனிதர் தாம்தான், சுற்றி நடமாடுகிறவர்கள் அவசரத்துக்குச் செய்து நிறுத்திய பொய் உருவங்கள் என்று நம்பினார். தாம் இறந்த செய்தியைத் தாமே நாளிதழில் படித்ததாக எழுதினார். கடவுளின் கதிர்கள் தம்மைப் பெண்ணாக மாற்றிவருகின்றன என்றார்.

புத்தி பேதலித்தால் ஆளே தொலைந்துபோவார் என்பது நம் பொது நினைப்பு. ஷ்ரேபருக்குள் இருந்த நீதிபதி விடுப்பில்கூடப் போகவில்லை. கடவுள் மீதே குற்றப்பத்திரிகை எழுதினார்: பிணங்களோடு மட்டுமே பழகிய கடவுளுக்கு உயிருள்ள மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாது, தம்மிடம் அவர் நடந்துகொண்டது உலக ஒழுங்குக்கு விரோதம். வாதத்தில் பிசகில்லை. சாட்சிதான் வேறு யார் கண்ணுக்கும் படவில்லை.

சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் அவரிடமிருந்து பறித்திருந்தது. மருத்துவமனைத் தலைவர் வேபரின் வீட்டு மேசையில் உட்கார்ந்து அரசியலும் கலையும் சட்டமும் பேசிச் சாப்பிட்டவர் அவர்; பண்பான விருந்தாளி என்று வேபரே சான்று தந்தார். நோயாளி என்பதிலும் வேபருக்கு ஐயமில்லை. ஷ்ரேபர் மேல்முறையீடு செய்தார். விசாரித்தது அவர் ஒருகாலத்தில் வீற்றிருந்த அதே நீதிமன்றம். நம்பிக்கைகளை மறைத்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். அவரோ ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவற்றை விவரிக்கும் நினைவுக்குறிப்பின் கையெழுத்துப் பிரதியே வழக்கு ஆவணங்களில் ஒன்று. 1902 ஜூலையில் தீர்ப்பு வந்தது: மனநோய் இருக்கிறது, ஆனால் தம் காரியங்களைக் கவனிக்க அது தடையில்லை.

இன்றைய மனநல மருத்துவர்கள் நோயாளிக்கு ‘இன்சைட்’ இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; தனக்கு வந்தது நோய் என்ற உணர்வு. தேவையான கேள்விதான், அது இருந்தால் மருந்து ஒழுங்காக உள்ளே போகும். ஆனால் அந்த ஒப்புதலோடு சொல்லாத நிபந்தனை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: அந்த மாதங்களில் கண்டதும் கேட்டதும் நடுங்கியதும் நான் அல்ல என்று கைகழுவ வேண்டும். நடுங்கியது பின் யார்? குரல்கள் பொய்யாக இருக்கலாம். விடிய விடிய அவற்றுக்குப் பதில் சொன்ன மனிதர் பொய்யில்லை. டிரெஸ்டன் நீதிமன்றம் இந்த நிபந்தனையை விதிக்கவில்லை. தத்துவம் பேசாமல், சொத்தையும் கணக்கையும் பற்றி மட்டும் கேட்டதால்கூட இருக்கலாம்.

1903இல் அந்த நினைவுக்குறிப்பு புத்தகமாக வெளிவந்தது, குடும்பத்தைப் பற்றிய அத்தியாயம் மட்டும் நீக்கப்பட்டு. 1907இல் நோய் திரும்பியது. 1911இல் மருத்துவமனையிலேயே இறந்தார். அதே ஆண்டு, அவரை நேரில் பார்த்தே இராத உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட், புத்தகத்தை மட்டும் வைத்து, ஆண்கள் மீது அவர் அமுக்கிவைத்த ஆசையே இத்தனைக்கும் மூலம் என்று எழுதினார். ஷ்ரேபர் என்றதும் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது இந்த இரண்டாம் தீர்ப்புதான்.