உயர்த்திய கைகள்

கட்சியிலே ஒருவர் உயர்கிறார். உழைத்தார், உயர்ந்தார் என்று சிலர் போற்றுவர். சூழ்ச்சியால் உயர்ந்தார் என்று வேறு சிலர் தூற்றுவர். இரு சாராரின் பார்வையும் உயர்ந்தவர்மீதே இருக்கிறது. உயர்த்தியவர்களுக்குப் பொறுப்பு இல்லையா? பகுத்தறிவாளர் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

ரஷ்ய நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1922 ஏப்ரலில் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளரானார் ஸ்டாலின். லெனினைப்போல் சிந்தனைச் சிற்பியல்ல. டிராட்ஸ்கியைப்போல் மேடையைக் குலுக்கும் நாவலருமல்ல. கடிதங்களைக் கவனிப்பது, ஆட்களை அமர்த்துவது — அவருக்குக் கிடைத்தது அந்த வேலை. பெயர் பெற்றோர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆயினும், அதிகாரத்தின் ஆணிவேர் அங்கேதான் இருந்தது. வட்டாரச் செயலாளர்களை அமர்த்தியது தலைமைச் செயலகம். அவர்கள் செல்வாக்கால் மாநாட்டுக்கு வந்தனர் பிரதிநிதிகள். பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழுவை. மத்தியக் குழு தேர்ந்தெடுத்தது பொதுச் செயலாளரை! செக்கு சுற்றியது, எண்ணெய் ஒருவர் கலத்திலேயே வடிந்தது.

ஆபத்தை லெனின் உணர்ந்தார். நோய்ப் படுக்கையிலிருந்து 1922 டிசம்பரில், அளவற்ற அதிகாரம் ஸ்டாலினிடம் குவிந்துவிட்டது என்று எச்சரித்தார். 1923 ஜனவரி 4-இல், முரட்டுக் குணம் படைத்த அவரை அப்பதவியினின்றும் நீக்க வழி தேடுங்கள் என்றே எழுதச் சொன்னார்.

லெனின் மறைந்தார். 1924 மே திங்களில், மாநாட்டுக்கு முன்பு, அக்கடிதம் தலைவர்கள் நடுவே படிக்கப்பட்டது. என்ன செய்தனர்? ஜினோவீவும் காமனேவும் ஸ்டாலினுக்காகப் பரிந்து பேசினர். டிராட்ஸ்கியை வீழ்த்த அவர் தேவைப்பட்டார்! டிராட்ஸ்கியோ வாய் திறக்கவில்லை. ஸ்டாலின் பதவியில் நிலைத்தார். பரிந்து பேசிய இருவரும் 1936 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். வாய் மூடியிருந்தவர் 1940-இல் மெக்சிகோ நாட்டிலே கொலையுண்டார்.

1934-இல் கூடிய மாநாட்டில் ஸ்டாலினை வாழ்த்திக் கைதட்டிய பிரதிநிதிகள் 1,966 பேர். அவர்களில் 1,108 பேர் பின்னர்ச் சிறைப்பட்டனர். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவினர் 139 பேரில் 98 பேர் கொல்லப்பட்டனர். இக்கணக்கை 1956-இல் வெளியிட்டவர் குருஷேவ். அவரும் அக்குழுவில் இடம்பெற்றவர். ஸ்டாலின் உயிரோடிருந்தவரை வாழ்த்துப் பாடியவர்!

'கட்டுப்பாடு இன்றிக் கட்சி ஏது? எதிரிகள் சூழ்ந்திருக்கையில் தலைவரைக் கேள்வி கேட்கலாமா?' என்பர் சிலர். தள்ளிவிடக் கூடிய வாதமல்ல. கட்டுப்பாடு தேவைதான். கூடிப் பேசி, குறை கூறி, எண்ணி எடுத்த முடிவுக்குப் பணிவது கட்டுப்பாடு. எண்ணும் உரிமையையே ஒருவர் காலடியில் வைத்துவிடுவது அடிமைத்தனம். முன்னது கட்சியைக் காக்கும். பின்னது கட்சியைத் தின்றுவிட்டு அதன் பெயரை மட்டும் விட்டு வைக்கும்.

கடவுள் இல்லை என்று முழங்கிய கட்சி அது. ஆலயங்களை மூடிய ஆட்சி அது. அங்கேதான் 1953-இல் ஸ்டாலினின் உடல் பதப்படுத்தப்பட்டு, லெனின் உடலருகே வைக்கப்பட்டது; 1961-இல் அகற்றப்பட்டது. ஆண்டவனுக்குச் செய்த பூசையை ஆள்பவருக்குச் செய்தால், மூடநம்பிக்கை ஒழிந்ததாகுமா? அது வீடு மாறிக் குடியேறியது, அவ்வளவே!

இளைஞனே! உழைத்தவரை மதி, தகுதியுடையாரைத் தலைவராக்கு. ஆனால், 'இன்று நமக்குப் பயன்படுவார்' என்பதற்காகத் தவறென்று தெரிந்தும் கை தூக்காதே. கல்லைக் கேள்வி கேட்கத் துணிவு பெரிதாக வேண்டுவதில்லை. கல் பதில் தாராது, பழியும் வாங்காது. தன் கட்சித் தலைவரை, அவர் அமர்ந்திருக்கும் அவையிலேயே, 'ஏன்?' என்று கேட்பவனே பகுத்தறிவாளன். 1924-இல் அக்கேள்வி எழாததற்கு ஒரு நாடே விலை கொடுத்தது.