பழைய ஆடையும் பழைய வண்டியும்

சென்ற மாதம் ஒரு மாலை, பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலுள்ள என் இல்லத்திற்கு என் தமக்கையின் மகன் வந்தான். "மாமா, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கக் கருதுகிறேன். தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று வினவினான். முன்பணம் கொடுத்தாயிற்றா என்றேன். ஆயிற்று என்றான். முன்பணம் கொடுத்தபின் கேட்கப்படுவது ஆலோசனையன்று, ஆசீர்வாதமே. ஆயினும் பிள்ளை கேட்டுவிட்டான்.

அவன் விரும்பியது ராஜ்தூத் 350. ஜப்பானிய யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியைத் தழுவி, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் 1983-இல் இந்நாட்டில் விற்பனைக்குக் கொணர்ந்த வண்டி அது. இரண்டு சிலிண்டர், 347 சி.சி.; ஆறு கியர். முதலில் வந்தவை 30.5 குதிரைத்திறன் உடையவை. பெட்ரோலை மிகுதியாகக் குடித்தமையால் பின்னர் 27-ஆகக் குறைத்தனர். அந்நாளைய புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறனே என்றால் இதன் வலிமை விளங்கும். பத்தாண்டு நிறைவதற்குள் உற்பத்தி நின்றுபோயிற்று. அதனாலேயே இன்று அதற்கு இத்தனை மதிப்பு.

இதனை "அவா" என்னும் ஒரே சொல்லால் அடித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அது பிரசங்கியின் சோம்பல். பழம்பொருளைப் பேணுவது குற்றமன்று. கோசாம்பி மன்னன் உதேனனுடைய அந்தப்புர மகளிர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் வழங்கிய கதையை அன்பர்கள் அறிவார்கள். இத்தனையையும் என் செய்வீர் என்று மன்னன் கேட்டான். கிழிந்த ஆடை உடுத்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தையுறையாகும். அது தரைவிரிப்பாகி, மிதியடியாகி, தூசி துடைக்கும் துணியாகி, இறுதியில் கந்தலை வெட்டி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்று அடுக்கினார். பஞ்சாலையில் துணியோடு உழன்றவனாதலால் இக்கதையை நான் பன்முறை எடுத்துரைத்திருக்கிறேன்.

என் மருமகனும் இதனையே எனக்கெதிராக எடுத்துக்காட்டினான்! "பழையதை வீசாமல் ஓட்டினால் நல்லதுதானே மாமா?"

சற்றே திகைத்தேன். பிறகு வேறுபாடு புலனாயிற்று. ஆனந்தருடைய துணி, மூப்படையுந்தோறும் தன்னால் இயன்ற எளிய பணிக்கு இறங்கி வருகிறது. தரைவிரிப்பான துணியை மீண்டும் மேலாடையாக உடுத்துமாறு அவர் சொல்லவில்லை. இந்த வண்டியையோ, அது இளமையில் எப்படி ஓடிற்றோ அப்படி ஓடவேண்டும் என்பதற்காகவே வாங்குகிறோம். நாற்பதாண்டு உலோகத்திடம் முதல்நாள் வீரியத்தைக் கேட்கிறோம். ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்றினால் எஞ்சின் அதனைக் கொடுத்தும் விடுகிறது. ஜே.சி. ரோடில் ஏறி இறங்கிப் பொருள் தேடுவோர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

நிற்கும் திறன் என்ன ஆயிற்று? தறி ஓட்டியவனுக்கு இக்கேள்வி தானே வரும். ஊடை நூல் அறுந்த மாத்திரத்தில் தறி தானாக நிற்க ஓர் அமைப்பு உண்டு. அது தேய்ந்திருந்தால், எவ்வளவு விரைந்தோடும் தறியாயினும் மேஸ்திரி அதனை ஓட்ட விடமாட்டார். ஜப்பானில் இவ்வண்டியின் முன்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக்கு இருந்தது. இங்கே செய்தவற்றில் டிரம் பிரேக்கே இருந்தது. புதிதாயிருந்த நாளிலேயே வேகத்திற்கு ஈடுகொடாத பிரேக்கு என்று ஓட்டியவர்கள் குறை கூறினார்கள். வேகம் இருமடங்கானால் பிரேக்கு பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். அந்தத் தூரத்தில் இருப்பவர் யார்? பூ விற்கும் மூதாட்டி, பள்ளி விட்டு வரும் சிறுமி. மகிழ்ச்சி ஓட்டுபவனுடையது, அதன் விலையில் ஒரு பங்கை, கேட்காமலே, அவர்கள் தலையில் வைக்கிறோம். கொல்லாமை என்பது கத்தியைப் பற்றியது மட்டும் அன்றே.

இன்னொருவர் தலையிலும் வைக்கிறோம். அவ்வண்டி மூன்று கை மாறியும் ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறதாம். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்கு ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. எங்கோ இருக்கும் முதியவர் ஒருவர், தாம் மறந்தே போன வண்டிக்காக நீதிமன்றப் படியேற நேரலாம். வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்திற்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். பலர் அதை வெறுங் காகித வேலையாகக் கருதுகின்றனர்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கையில் கருவி பிடித்து ஒன்றைச் சீர்செய்வதில் அவனுக்குள்ள இன்பத்தை நான் அறிவேன். என் தறியிடத்தில் எனக்கும் அது இருந்தது. "எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் பிரேக்குக்குக் கொடு. பெயரை மாற்று, காப்புறுதி எடு. இவ்வளவும் செய்தபின் வீட்டு வாடகைக்கு மிச்சமிருக்கிறதா என்று உன் மனைவியைக் கேள், என்னை அன்று" என்றேன்.

மறுவாரம் வந்தான். பிரேக்கைப் பற்றி விற்பவரிடம் கேட்டானாம். இதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சைலன்சரின் ஓசையைத்தான் கேட்டார்கள் என்று அவர் சிரித்தாராம். முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தர இசைந்திருக்கிறார். மறு பாதியைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.