நேர்த்தெருவுக்குப் புறப்பட்ட சீஷன்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 9:10-19

தமஸ்குவில் அனனியா என்னும் ஒரு சீஷன் இருந்தான். அவன் அப்போஸ்தலன் அல்ல. சபையின் மூப்பன் என்றும் வேதம் அவனைக் குறிப்பிடவில்லை. அவன் பக்தியுள்ளவன் என்றும், அவ்வூர் யூதர் அனைவரிடத்திலும் நற்பெயர் பெற்றவன் என்றும் பின்னாளில் பவுல் சாட்சி கொடுக்கிறார் (அப். 22:12). நற்பெயர் பெற்றவனை ஊர் முழுவதும் அறியும். இயேசுவின் சீஷர்களைப் பிடிக்க ஒருவன் வருகிறான் என்றால், முதலில் தட்டப்படும் கதவுகளுள் அனனியாவின் கதவும் ஒன்றாயிருந்திருக்கும்.

வந்தவனோ சாதாரணமானவன் அல்லன். ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களை வைத்தது அவனுடைய பாதத்தருகே. எருசலேமில் வீடுவீடாய் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சிறையில் அடைத்தவன் அவன். அதுவும் போதாதென்று பிரதான ஆசாரியனிடம் நிருபங்களைப் பெற்றுக்கொண்டு, 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து தமஸ்குவுக்குப் புறப்பட்டான். அந்தச் சவுலைத் தேடிப் போகும்படியே ஆண்டவர் அனனியாவுக்குத் தரிசனத்தில் கட்டளையிட்டார். ஆட்டுக்குட்டி தானாகவே ஓநாயின் குகையைத் தேடிப் போகவேண்டும்!

பயத்தை மறைக்காத ஜெபம்

அனனியா பயந்தான். தன் பயத்தை அவன் மறைக்கவில்லை. இந்த மனிதன் எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்குச் செய்த தீங்குகளைப் பலர் சொல்லக் கேட்டதையும், இங்கே அவன் எந்த அதிகாரத்தோடு வந்திருக்கிறான் என்பதையும் ஆண்டவரிடத்திலேயே எடுத்துரைத்தான். யோனா ஆண்டவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கப்பலேறிப் போனான். அனனியாவோ பயத்தோடு ஓடிப்போகாமல், பயத்தோடு ஆண்டவருடைய சமுகத்திலே நின்றான். இருவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பயப்படுகிறவனைத் தள்ளிவிட்டு வேறொருவனை அழைக்கவும் இல்லை. பயம் ஊழியத்திற்கு ஒருவனைத் தகுதியற்றவனாக்குவதில்லை. ஆண்டவரிடம் சொல்லப்படாமல் உள்ளத்திலேயே பூட்டி வைக்கப்பட்ட பயமே கால்களைக் கட்டிப்போடுகிறது.

விலாசத்தோடு வந்த கட்டளை

ஆண்டவருடைய கட்டளை எவ்வளவு தெளிவாயிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். தெருவின் பெயர் நேர்த்தெரு. வீடு யூதாவினுடையது. தேடவேண்டியவன் தர்சு பட்டணத்தானாகிய சவுல். கிழக்கு மேற்காகத் தமஸ்குவின் பழைய நகரத்தினூடே செல்லும் அந்தத் தெருவை இன்றும் காணலாம்.

பயம் எப்போதும் முழுப் பாதையையும் ஒரே நேரத்தில் காட்டி மலைக்கச் செய்யும். சிறைச்சாலை, பிரிவு, வறுமை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் கண்முன் நிறுத்தும். ஆண்டவரோ அனனியாவிடம் ரோம சாம்ராஜ்யத்தைச் சந்திக்கச் சொல்லவில்லை. ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு மனிதன், அவ்வளவே. விசுவாசத்தின் துணிவு என்பது பெரும்பாலும் அடுத்த தெருவரைக்கும் நடப்பதுதான்.

பயம் அறியாத செய்தி

சவுலைக் குறித்து அனனியா சொன்னவை யாவும் உண்மை. ஆனால் அவை மூன்று நாள் பழைய உண்மைகள். அந்த மூன்று நாட்களாகச் சவுல் பார்வையிழந்து, புசியாமலும் குடியாமலும் ஜெபத்தில் இருந்தான். அனனியா என்னும் பெயருடைய ஒருவன் தன்மேல் கைவைப்பதையும் தரிசனத்தில் கண்டிருந்தான். அனனியா புறப்படுமுன்னே ஆண்டவர் அந்த வீட்டுக்குள் போயிருந்தார். பயம் பழைய செய்தியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் தேவன் செய்துகொண்டிருப்பதை அது அறியாது.

ஒரு தீங்கும் நேரிடாது என்ற வாக்குறுதியை ஆண்டவர் கொடுக்கவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. தம்முடைய நோக்கத்தையே அவர் வெளிப்படுத்தினார். அனனியாவுக்கு அது போதுமானதாயிருந்தது. அவன் போனான். எந்தக் கைகளுக்கு அஞ்சினானோ அந்தக் கைகளுக்கு உரியவன்மேல் தன் கைகளை வைத்து, அவனைச் சகோதரன் என்று அழைத்தான். தமஸ்குவின் விசுவாசி ஒருவன் வாயிலிருந்து சவுல் கேட்டதாக வேதம் பதிவு செய்திருக்கும் முதல் சொல் அதுவே.

துணிவும் துணிகரமும்

துணிவு வேறு, துணிகரம் வேறு. அதே அதிகாரத்தில், அதே பட்டணத்தில், சவுலைக் கொல்ல யூதர்கள் வாசல்களைக் காவல்காத்தபோது, சீஷர்கள் அவனை இராத்திரியிலே கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள் (அப். 9:23-25). அது கோழைத்தனம் அன்று. ஆபத்தைத் தேடிப்போவது விசுவாசம் ஆகாது. ஆண்டவர் போகச்சொன்ன இடத்திற்கு, ஆபத்து இருந்தபோதிலும் போவதே விசுவாசம்.

ஹூக்ளி நதிக்கரையில்

நமது தேசத்தின் மிஷனெரி சரித்திரத்திலும் இத்தகைய ஒரு நாள் உண்டு. 1793-ஆம் ஆண்டு வங்காளம் வந்த வில்லியம் கேரி, ஏழு ஆண்டுகள் உழைத்தும் வங்காளிகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறக் காணவில்லை. 1800-ஆம் ஆண்டின் இறுதியில், தோள்மூட்டு விலகி வேதனைப்பட்ட கிருஷ்ண பால் என்னும் தச்சருக்கு, மருத்துவராகிய ஜான் தாமஸ் செராம்பூரில் சிகிச்சை அளித்தார். சரீர சுகத்தைத் தேடிய அவர் இரட்சிப்பின் செய்தியையும் கேட்டு ஏற்றுக்கொண்டார்.

டிசம்பர் 22-ஆம் நாள் அவரும் நண்பர் கோகுலும் மிஷனெரிகளோடு ஒரே பந்தியில் உணவருந்தினார்கள். சாதியை இழப்பதற்கு அந்த ஒரு வேளை உணவே போதும். பெருங்கூட்டம் திரண்டு அவர்களை நீதிபதியிடம் இழுத்துச் சென்றது. செராம்பூரை ஆண்ட டேனிஷ் அதிகாரிகள் அவர்களை விடுவித்தார்கள். ஆயினும் ஞானஸ்நானத்திற்குக் குறித்த நாள் நெருங்கியபோது, கோகுலும் கிருஷ்ண பாலின் குடும்பத்துப் பெண்களும் தயங்கிப் பின்வாங்கினார்கள். டிசம்பர் 28-ஆம் நாள், வங்காளிகளில் கிருஷ்ண பால் ஒருவர் மாத்திரமே, கேரியின் மகன் பெலிக்ஸுடன் ஹூக்ளி நதியில் இறங்கினார்.

அன்று தயங்கியவர்கள் கைவிடப்படவில்லை. 1801-ஆம் ஆண்டில் கோகுலும் அந்தப் பெண்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். முன்சென்ற ஒருவருடைய காலடி, பின்தங்கியவர்களுக்குப் பாதையாயிற்று. கிருஷ்ண பால் 1822-இல் தாம் மரிக்கும்வரை சுவிசேஷத்தை அறிவித்து வந்தார்.

அன்பான தேவபிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நேர்த்தெரு உண்டு. அது மொழி தெரியாத வடமாநிலக் கிராமமாயிருக்கலாம். பல ஆண்டுகளாய்ப் பேசாதிருக்கும் சகோதரனின் வீடாயிருக்கலாம். ஊழியத்திற்குப் போகிறேன் என்று சொல்லும் மகனை மனதார ஆசீர்வதித்து அனுப்பும் நேரமாயிருக்கலாம். பயம் நீங்கட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்கவேண்டாம். அனனியாவைப்போல உங்கள் பயத்தை ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் காட்டும் தெருவின் பெயரைக் கேளுங்கள், எழுந்து நடங்கள். நீங்கள் தட்டப்போகும் கதவுக்குப் பின்னால் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆமென்.